வெள்ளரிசியும் வட்டமேசையும்: ஜப்பானியக் குடும்ப உணவின் நவீன வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானியரின் நீண்ட ஆயுளுக்கு அவர்தம் மரபான வீட்டுணவே காரணம் என்னும் கருத்து இன்று உலகெங்கும் வழங்குகிறது. அவ்வுணவு எக்காலத்தில், எவர் முயற்சியால், எந்த நெருக்கடிகளுக்கு விடையாக இன்றைய வடிவத்தை அடைந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பெரிபெரி நோயும் உப்பு மிகுதியும் மரபுணவுக்குள்ளேயே இருந்த குறைகள் என்பதையும், அவற்றைத் திருத்தியதில் அடுக்களைப் பெண்களின் உழைப்பு பெற்ற இடத்தையும் இது எடுத்துக்காட்ட முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வாஷோகு, பெரிபெரி, சபுதாய், ககவா அயா, உப்புக் குறைப்பு இயக்கம்

முன்னுரை

2013 டிசம்பரில் ஜப்பானியரின் மரபுணவுப் பண்பாட்டை 'வாஷோகு' என்னும் பெயரில் யுனெஸ்கோ தன் மாந்தகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. புத்தாண்டுக் கொண்டாட்டத்தை முன்னிறுத்தியே விண்ணப்பம் எழுதப்பட்டிருந்தது. எனினும் செய்தித்தாள்களும் சமையல் நூல்களும் அதனோடு சேர்த்து நினைவுகூர்ந்தது அன்றாட வீட்டுணவையே. ஒரு கிண்ணம் சோறு, ஒரு சாறு, மூன்று தொடுகறி என்னும் 'இச்சிஜூ சன்சாய்' அமைப்பு, அதைச் சுற்றி அமர்ந்த குடும்பம், நூறு வயதைத் தொடும் முதியோர் ஆகிய மூன்றும் ஒரே படத்துக்குள் வந்தமர்ந்தன.

இப்படத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி வயது உண்டு. 'வாஷோகு' என்ற சொல்லே பழஞ்சொல் அன்று. மேலைநாட்டு உணவு 'யோஷோகு' என்ற பெயரில் நாட்டுக்குள் வந்தபின், அதனின்று வேறுபடுத்தும் தேவை எழுந்த மெய்ஜிக் காலத்தில் (1868-1912) தோன்றிய சொல் அது. மூன்று தொடுகறி அமைப்பு முற்காலப் போர்வீரர் குலத்தின் சடங்கு விருந்துகளிலிருந்து வந்தது. உழவர் வீட்டு அன்றாட உணவு ஒரு சாறும் ஓர் ஊறுகாயுமாகவே நெடுங்காலம் இருந்தது. கதார்ஸினா ச்வியெர்ட்கா முதலான வரலாற்றாய்வாளர்கள் இந்த உணவுமுறையின் நவீனத் தன்மையை முன்பே விரிவாக எழுதியுள்ளனர். அவர்கள் பெரிதும் அரசையும் படையையும் நகர உணவகங்களையும் நோக்கினர். இக்கட்டுரையின் நோக்கு வீட்டு அடுக்களை பற்றியது.

தனித்தட்டிலிருந்து ஒரே மேசைக்கு

குடும்பம் ஒன்றுகூடி உண்பது ஜப்பானியப் பழமை எனக் கருதுவோர் 'ஹகோசென்' என்னும் சிறு மரப்பெட்டியை நினைவில் கொள்ள வேண்டும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் இத்தகைய பெட்டி ஒன்று தனியே இருந்தது. சோற்றுக் கிண்ணம், சாற்றுக் கிண்ணம், சிறு தட்டு, உணவுக்குச்சிகள் ஆகியன அதனுள் இருக்கும். உண்ணும் வேளையில் மூடியைத் திருப்பி வைத்தால் அதுவே தட்டாகிவிடும். உண்டு முடித்ததும் கிண்ணத்தில் வெந்நீரோ தேநீரோ ஊற்றி அலசிக் குடித்துவிட்டு, துடைத்து, மீண்டும் பெட்டிக்குள் வைப்பர். நாள்தோறும் பாத்திரம் கழுவும் வழக்கம் பல வீடுகளில் இல்லை.

இப்பெட்டிகள் வைக்கப்பட்ட வரிசையில் குடும்பத்தின் படிநிலை வெளிப்பட்டது. கணப்படுப்பின் தலைமை இருக்கை குடும்பத் தலைவருக்கு உரியது. அவர் தட்டில் மட்டும் மீன்துண்டு இருப்பது இயல்பே. மருமகள் கடைசியில் அமர்வாள். உண்ணும்போது பேசுவது ஒழுங்கீனமாகக் கருதப்பட்டது. சோற்றகப்பை மாமியார் கையில் இருந்தது. அதை மருமகளிடம் ஒப்படைப்பதே இல்லத்தின் ஆட்சி கைமாறியதற்கு அடையாளம். நம் வீடுகளில் சாவிக்கொத்து பெற்றிருந்த இடத்தை அங்கு அகப்பை பெற்றிருந்தது.

குட்டைக் கால்களை உடைய வட்டமேசையாகிய 'சபுதாய்' மெய்ஜியின் பிற்பகுதியில் நகரங்களில் தோன்றி, தைஷோ காலத்திலும் (1912-1926) அதன் பின்னரும் நாடெங்கும் பரவியது. குடும்ப உணவுமேசை பற்றி முதியோரிடம் வாய்மொழியாகச் செய்தி திரட்டிய மானிடவியலாளர் இஷிகே நவோமிச்சி குழுவினரின் ஆய்வு இம்மாற்றத்தின் பொருளை நன்கு உணர்த்துகிறது. வட்டத்துக்குத் தலைப்பக்கம் இல்லை. ஒரே பாத்திரத்திலிருந்து அனைவரும் எடுத்துண்ணும் தொடுகறிக்கு அங்குதான் இடம் கிடைத்தது. ஆயினும் 'உண்ணும்போது பேசாதே' என்ற கண்டிப்பு வட்டமேசையைச் சுற்றியும் நெடுங்காலம் நீடித்ததென அதே முதியோர் கூறியுள்ளனர். சிரித்துப் பேசி உண்ணும் குடும்பம் என்பது மேசை வந்ததும் உடன் வந்துவிடவில்லை.

வெள்ளரிசியின் விலை

எதோக் காலத்தில் (1603-1868) தலைநகருக்கு வந்த மாநிலப் போர்வீரர்கள் ஒரு விந்தையான நோய்க்கு ஆளாயினர். கால் வீங்கும், மரத்துப்போகும், நெஞ்சு படபடக்கும். சிலர் திடீரென இறப்பர். சொந்த ஊர் திரும்பியவர் பலர் குணமடைந்தனர். ஆகவே அதற்கு 'எதோ நோய்' என்றே பெயராயிற்று. ஊரில் அவர்கள் உண்டது தவிடு முற்றிலும் நீங்காத அரிசியும் வாற்கோதுமையும் தினையும் கலந்த சோறு. தலைநகரில் கிடைத்தது நன்கு தீட்டிய வெள்ளரிசி. 1866இல் இளவயதில் இறந்த பதினான்காம் ஷோகன் தொகுகவா இயெமொச்சியின் உயிரைக் குடித்ததும் இந்நோய்தான். வறியவரைக் காட்டிலும் வளமுடையோரை நாடிச் சென்ற நோய் இது.

மெய்ஜி அரசின் கடற்படை இதனால் நிலைகுலைந்தது. 1882 இறுதியில் நெடும்பயணம் புறப்பட்ட 'ரியூஜோ' என்னும் பயிற்சிக் கப்பலில் இருந்த 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி கண்டது. 25 பேர் இறந்தனர். இலண்டனில் மருத்துவம் பயின்று திரும்பியிருந்த கடற்படை மருத்துவர் தககி கனெஹிரோ, அதிகாரிகளுக்கு இந்நோய் அரிதாகவும் மாலுமிகளுக்கு மிகுதியாகவும் வருவதைக் கண்டு, வேறுபாடு உணவில் இருக்க வேண்டுமென முடிவு செய்தார். 1884இல் 'த்சுகுபா' என்னும் கப்பல் ஏறத்தாழ அதே வழியில் அனுப்பப்பட்டது. இம்முறை இறைச்சி, பால், ரொட்டி, பயறு ஆகியன உணவிற் சேர்க்கப்பட்டன. நோயுற்றோர் மிகச் சிலரே. பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. மாலுமிகள் ரொட்டியை விரும்பவில்லை. ஆகவே அடுத்த ஆண்டு வாற்கோதுமை கலந்த சோறு நடைமுறைக்கு வந்தது. புரதக் குறைவே நோயின் காரணம் என்று தககி கொண்ட விளக்கம் பிழையானது. மருந்து மட்டும் சரியாக அமைந்துவிட்டது.

தரைப்படை இதனை ஏற்கவில்லை. நோய்க்குக் காரணம் ஒரு கிருமியே என்று ஜெர்மானிய மருத்துவ மரபில் பயின்ற படை மருத்துவர்கள் நம்பினர். அவர்களுள் முதன்மையானவர் மோரி ரின்தாரோ. மோரி ஓகய் என்ற பெயரில் ஜப்பானிய இலக்கியம் போற்றும் அதே எழுத்தாளர். மருத்துவக் கருத்து மட்டுமே இங்குத் தடையாக இருந்தது என்று கூறுவதற்கில்லை. நாளொன்றுக்கு ஆறு 'கோ', அதாவது ஏறத்தாழ 900 கிராம் வெள்ளரிசி தருவதாகப் படை உறுதியளித்திருந்தது. வறுமைப்பட்ட உழவர் வீட்டு இளைஞனுக்குப் படையில் சேர்வதன் பெருமையே அந்த வெள்ளைச் சோறுதான். அவன் வீட்டில் முள்ளங்கியும் வாற்கோதுமையும் கலந்தே சோறு ஆக்கினர். சிறைக்கூடத்திலும் கலப்புச் சோறே தரப்பட்டது. போருக்குச் செல்பவனுக்கு அதனை எப்படித் தருவது?

1894-95 சீனப் போரில் தரைப்படையினர் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெரிபெரியால் மாண்டனர். களத்தில் மாண்டோரினும் இத்தொகை பன்மடங்கு மிகுதி. 1904-05 ரஷ்யப் போரில் ஏறத்தாழ 2,50,000 வீரர் நோயுற்று, 27,000 பேர் உயிரிழந்தனர். தன் கடற்படை இருபதாண்டுகளுக்கு முன்பே நீக்கிவிட்ட நோய்க்கு ஒரு நாடு கொடுத்த விலை இது. 1910இல் வேளாண் வேதியியலாளர் சுசுகி உமெதாரோ தவிட்டிலிருந்து பெரிபெரியைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதுவே பின்னர்த் தயமின் என அறியப்பட்டது. மருத்துவரல்லாத ஒருவரின் கூற்றை மருத்துவ உலகம் ஏற்கக் காலம் பிடித்தது. 1920களிலும் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோயால் இறந்துகொண்டிருந்தனர்.

இவ்விடத்தில் நம் பக்கத்துச் செய்தி ஒன்றை ஒப்பிட்டுக் கூறலாம். சென்னை மாகாணத்தில் பெரிபெரி நிலைகொண்டிருந்தது பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில். புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உட்பகுதிக்கு இறங்கிவிடுவதே காரணம். 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஊட்டவியல் ஆய்வின் முதற்பொருளும் பெரிபெரியே. ஜப்பானில் நெல்லைப் புழுக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. எனவே தீட்டும் ஆலை வந்தபோது அங்கே தடுப்பு எதுவும் இருக்கவில்லை.

கரண்டியும் கோப்பையும்

பெரிபெரியின் வரலாறு மருத்துவமனையிலிருந்து அடுக்களைக்கு வந்த வழி ஒரு பெண் மருத்துவர் வழியாக அமைந்தது. தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் ஷிமசோனோ ஜுன்ஜிரோவின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ககவா அயா (1899-1997), முளை நீங்காத அரிசியைப் பெரிபெரி நோயாளிக்கு எப்படிச் சுவைபடச் சமைப்பது என்ற வினாவோடு தொடங்கினார். 1933இல் அவரும் கணவர் ககவா ஷோசோவும் வீட்டு உணவூட்ட ஆய்வுக் குழு ஒன்றைத் தம் இல்லத்தில் நிறுவினர். அதுவே பின்னாளில் பெண்கள் ஊட்டவியல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 'எய்யோ தோ ர்யோரி' (ஊட்டமும் சமையலும்) என்னும் இதழ் 1935இல் தொடங்கியது. முதன்மை உணவு முளையரிசி. தொடுகறியில் மீன் ஒரு பங்கு, பயறு ஒரு பங்கு, காய்கறி நான்கு பங்கு: இதுவே அவர் வீடுகளுக்குச் சொன்ன கணக்கு.

தேர்ந்த சமையற்காரர்களிடம் செய்முறை கேட்கச் சென்ற ககவாவுக்குக் கிடைத்த விடை பெரும்பாலும் 'கொஞ்சம்', 'போதுமான அளவு' என்பதாகவே இருந்தது. கைப்பக்குவம் என்று நாம் சொல்வதுதான் அது. அவர் அதனை அளந்து எழுதத் தொடங்கினார். இதழுடன் சமையல் அட்டைகளை இணைத்து வெளியிட்டார். 1948இல் 200 மில்லிலிட்டர் கோப்பையும் 15, 5 மில்லிலிட்டர் கரண்டிகளும் அவர் முயற்சியால் வடிவம் பெற்றன. ஜப்பானியச் சமையற் குறிப்புகள் இன்றும் இவ்வளவுகளிலேயே எழுதப்படுகின்றன. அன்னையின் கைமணம் என்று பின்னாளில் போற்றப்பட்ட சுவையின் பெரும்பகுதி, அட்டையைப் பார்த்துக் கரண்டியால் அளந்து பெறப்பட்டதாகும். இதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் தாயிடமிருந்து மகளுக்கு இடையறாது வந்த மரபு என்று இதனை எழுதும்போது ஆய்வாளர் சற்றுத் தயங்க வேண்டும்.

சாற்றின் அடிப்படையான 'தஷி'யும் இதே காலத்தில் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றது. 'கொம்பு' என்னும் கடற்பாசியின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என 1908இல் இகெதா கிகுனாயே கண்டார். மறு ஆண்டே அது புட்டியில் விற்பனைக்கு வந்தது. தஷிக்கு மற்றோர் இடுபொருளான 'கத்சுவோபுஷி' தமிழருக்கு அயலானதன்று. சூரை மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்திய அது நாம் அறிந்த மாசியின் நெருங்கிய உறவினம். மாசித் தூளால் சம்பல் மணப்பதை அறிந்தவர்க்கு, இறைச்சியும் எண்ணெயும் குறைந்த ஒரு சமையல் எவ்வாறு நிறைவு தந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பசியும் கோதுமையும்

1941 ஏப்ரலில் ஆறு பெருநகரங்களில் அரிசிப் பங்கீடு தொடங்கியபோது வயது வந்தவருக்கான நாளளவு ஏறத்தாழ 330 கிராம். போரின் இறுதியில் அதுவும் கிடைக்கவில்லை. அரிசிக்கு மாற்றாகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வந்தது. 1947இல் பிறப்பின்போது எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் ஆணுக்கு 50, பெண்ணுக்கு 54 ஆண்டுகள். நெடுவாழ்வு பண்டுதொட்டே வந்தது என்னும் எண்ணத்தோடு இவ்விரு எண்களும் பொருந்துவதில்லை.

1954இல் பள்ளி உணவுச் சட்டம் இயற்றப்பட்டது. மாணவர் தட்டில் ரொட்டியும் கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கரைத்த பாலும் இடம்பெற்றன. அரிசிச் சோறு பள்ளி உணவில் முறையாக இடம்பெற 1976 வரை காத்திருக்க நேர்ந்தது. 1956 முதல் 'அடுக்களை வண்டிகள்' எனப்பட்ட பேருந்துகள் ஊர்தோறும் சென்று சமைத்துக் காட்டின. அதற்கான பணம் அமெரிக்கக் கோதுமை உழவர் சங்கத்திடமிருந்து வந்தது. ஆகவே கோதுமையும் சோயாவும் செய்முறைகளில் தவறாது இடம்பெற்றன. தன் விளைச்சலுக்குச் சந்தை தேடிய ஒரு நாட்டின் நோக்கம் இதில் வெளிப்படை. அதே வண்டிகள் எண்ணெயில் வதக்கிய காய்கறி, முட்டை, பால் ஆகியவற்றைச் சோறும் ஊறுகாயும் மட்டுமே உண்ட ஊர்களுக்குக் கொண்டு சென்றன என்பதும் மெய்யே. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கூறும் நூல்கள் பல உள்ளன.

உப்பு

1951 முதல் 1980 வரை ஜப்பானில் இறப்புக்கான முதற்காரணம் பக்கவாதம். வடகிழக்கு மாநிலங்களில் அது மிகுதி. 1960ஆம் ஆண்டளவில் அகிதா பகுதியில் ஒருவர் நாளொன்றுக்கு உட்கொண்ட உப்பு 25 கிராமைத் தாண்டியது. பனி மூடிய நீண்ட குளிர்காலத்தில் காய்கறியை உப்பிலிட்டே காக்க வேண்டியிருந்தது. உப்பு ஊறுகாயும் உப்பு மிகுந்த மிசோச் சாறும் பெருமளவு சோற்றை உள்ளே செலுத்தும் கருவிகளாக இருந்தன. இன்று உடல்நலத்தின் அடையாளமாகக் காட்டப்படும் அதே சோறும் சாறும் ஊறுகாயும்தான் இவை.

நகனோ மாநிலத்தின் மாற்றம் இதற்கு விளக்கமான சான்று. மலைசூழ்ந்த அம்மாநிலமும் பக்கவாத இறப்பில் முன்னணியில் இருந்தது. 1945இல் சாகு மருத்துவமனைக்கு வந்த மருத்துவர் வகத்சுகி தொஷிகசு, நோயாளி வரும்வரை காத்திராமல் ஊர்களுக்குச் சென்றார். உழவர்களுக்குப் புரியும் வண்ணம் நாடகம் எழுதி மருத்துவமனைப் பணியாளரைக் கொண்டு நடிப்பித்தார். 1959இல் யச்சிஹோ என்னும் ஊரில் அனைவருக்கும் உடற்பரிசோதனை தொடங்கினார். 1976இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அவர் பெயரை வரலாறு குறித்துக்கொண்டது. பெயர் குறிக்கப்படாதவர்கள் ஊர்ப் பெண்கள். நலத் துணைவர்களாகவும் உணவுச் சீர்திருத்தத் தொண்டர்களாகவும் முறைவைத்துப் பணியேற்ற அவர்கள், ஊதியமின்றி வீடு வீடாகச் சென்று மிசோச் சாற்றின் உப்பளவைக் கருவியால் சோதித்தனர். பக்கத்து வீட்டுக்காரியின் சாற்றைச் சுவைத்து 'உப்புக் கூடுதல்' என்று சொல்வது எந்த ஊரிலும் எளிதன்று. காய்கறியை நிறைய இட்டால் சாற்றின் நீர் குறையும், உப்பும் குறையும் என்பது அவர்கள் பரப்பிய உத்திகளுள் ஒன்று. 1981இல் மாநில அளவில் உப்புக் குறைப்பு இயக்கம் தொடங்கியது. 1990இல் ஆண்களின் ஆயுளில் நகனோ நாட்டிலேயே முதலிடம் பெற்றது.

1975ஆம் ஆண்டின் உணவு

ஒருவர் ஆண்டுக்கு உண்ணும் அரிசி 1962இல் 118 கிலோவாக உச்சம் தொட்டு, பின் ஆண்டுதோறும் குறைந்து இன்று அதன் பாதியளவுக்கும் கீழே நிற்கிறது. அரிசி குறையத் தொடங்கி, மீனும் காய்கறியும் நிலைத்து, பாலும் முட்டையும் இறைச்சியும் அளவோடு சேர்ந்த இடைக்காலமே ஊட்டச் சமநிலையில் சிறந்ததென ஊட்டவியலாளர் கருதுகின்றனர். 1980இல் அரசின் வேளாண் கொள்கை அவை அதற்கு 'ஜப்பானிய வகை உணவுமுறை' என்று பெயரிட்டுப் பரிந்துரைத்தது. தோஹொகு பல்கலைக்கழகத்தில் த்சுசுகி த்சுயோஷி குழுவினர் 1960, 1975, 1990, 2005 ஆகிய நான்கு ஆண்டுகளின் வீட்டுணவை மீண்டும் சமைத்து, உலர்த்திப் பொடியாக்கி எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தனர். 1975இன் உணவு உண்டவை பிறவற்றினும் நலமாக இருந்தன. எலியின் உடலிலிருந்து மனிதனுக்கு நேராகத் தாவ இயலாது. எனினும் 1960இன் உணவு, மரபுக்கு நெருங்கியதாயினும், முதலிடம் பெறவில்லை என்பது கருதத்தக்கது.

அந்த ஆண்டைப் பற்றி உணவு நூல்கள் பெரும்பாலும் குறிப்பிடாத வேறொரு செய்தி உண்டு. போருக்குப் பிந்தைய ஜப்பானில் பெண்களின் உழைப்புப் பங்கேற்பு விகிதம் மிகத் தாழ்ந்திருந்ததும் 1975இல்தான். வயலிலிருந்தும் குடும்பத் தொழிலிலிருந்தும் வெளியேறிய பெண்கள் முழுநேர இல்லத்தரசிகளாக அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். 1955இல் அமைந்த வீட்டுவசதிக் கழகம் அவ்வீடுகளில் அடுக்களையையும் உண்ணும் இடத்தையும் ஒன்றாக்கியது. 1957 முதல் என்.எச்.கே. தொலைக்காட்சி 'இன்றைய சமையல்' நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. நாள்தோறும் வெவ்வேறான மூன்று தொடுகறிகள் ஆக்குவதற்கு ஒருவரின் முழுநாள் தேவை. அந்த நாள் அப்போது கிடைத்தது.

இதற்கு ஓராண்டும் ஒரு பொருளும் சான்றாகும். 1955இல் தோஷிபா நிறுவனம் மின்சோற்றுக் கலனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனை வடிவமைத்தவர் சிறு தொழிற்கூட உரிமையாளர் மினாமி யோஷிததா. எத்தனை நிமிடம் கொதித்தால் கஞ்சி வடிக்காத ஜப்பானியச் சோறு சரியாக வேகும் என்பதை, வெவ்வேறு தட்பவெப்பத்தில் மீண்டும் மீண்டும் சமைத்துக் கண்டறிந்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. விடியலுக்கு முன் எழுந்து அடுப்பூதும் கடமை இலட்சக்கணக்கான பெண்களுக்கு இதனால் நீங்கியது. அவ்வாறு மிஞ்சிய நேரத்தைத் தொடுகறிகளின் எண்ணிக்கை எடுத்துக்கொண்டது.

ஒரு சாறு, ஒரு தொடுகறி

பெண்கள் மீண்டும் வேலைக்குச் சென்றபோது அளவுகோல் மட்டும் மாறாமல் நின்றது. 1985இல் வெளியான அரசின் உணவு நெறிகள் நாளொன்றுக்கு 30 வகை உணவுப்பொருள் உண்ணப் பரிந்துரைத்தன. பல வீடுகளில் அது எண்ணிப் பார்த்து அஞ்சும் கணக்காயிற்று. 1980களின் தொடக்கத்திலேயே, குழந்தைகள் தனித்து உண்பதை ஊட்டவியலாளர் அதாச்சி மியுகியின் ஆய்வு வெளிக்கொணர்ந்தது. விவாதம் பெரும்பாலும் தாய்மாரின் மீதே திரும்பியது. 2005இன் உணவுக் கல்வி அடிப்படைச் சட்டம் குடும்பம் கூடி உண்பதை நாட்டின் கொள்கையாக்கியது. இரவு ஒன்பது மணிவரை அலுவலகத்தில் இருக்கும் தந்தையைப் பற்றி அவ்விவாதத்தில் அவ்வளவாகப் பேச்சில்லை.

2016இல் சமையலறிஞர் தொய் யோஷிஹரு 'ஒரு சாறு, ஒரு தொடுகறி போதும்' என்னும் கருத்தை நூலாக எழுதினார். 'தாயின் சுவை' என்ற தொடரைத் தொலைக்காட்சி வழியே பரப்பியவர்களுள் ஒருவரான தொய் மசாருவின் மகன் அவர். வீட்டில் இருக்கும் காய்கறியையும் முட்டையையும் மிசோச் சாற்றிலேயே இட்டுவிட்டால் அச்சாறே தொடுகறியாகிவிடும். நாள்தோறும் விருந்து தேவையில்லை என்பது அவர் வாதம். நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. சமைக்க இயலாமையால் குற்றவுணர்வு கொண்டிருந்த பெண்கள் பலர் அதனால் ஆறுதல் பெற்றதாக எழுதினர்.

வடிவத்தில் இது எதோக் கால உழவர் உணவே. உள்ளடக்கம் வேறு. மலைபோற் குவித்த சோறு இல்லை. சாற்றில் நகனோவின் பெண்கள் அளந்து குறைத்த உப்பும், அடுக்களை வண்டி கொண்டுவந்த எண்ணெயும் முட்டையும் உள்ளன. சோற்றுக் கலனோடு வரும் அளவுக்கோப்பை இன்னும் பழைய 'கோ' கணக்கில் 180 மில்லிலிட்டரே கொள்கிறது. அதனருகில் ககவாவின் 200 மில்லிலிட்டர் கோப்பையும் இருக்கிறது. புதிதாகச் சமைக்கத் தொடங்குவோர் இவ்விரண்டையும் மாற்றி எடுத்துச் சோற்றைக் குழைத்துவிடுவது இன்றும் உண்டு.